என் கன்னத்துக்குப் பொருந்தாத மூன்று பூச்சுகள்

போன வருடத்துக்கு முந்தின வருடம் மே மாதம், தூத்துக்குடியை ஒட்டியிருக்கும் மாப்பிள்ளையூரணியில், என் வீட்டிலேயே நடந்த சம்பவம் இது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு தனியார் எடை மேடையில் வேலை பார்க்கிறேன். லாரி வந்து மேடையில் ஏறும், எடையைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பேன். நாள் முழுக்கக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வேலை. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிற எனக்கு அது தோதாகத்தான் இருந்தது.

நாற்பத்தாறு வயதில் என் இடது உதட்டோரம் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. முதலில் மிளகு அளவுதான். அது மெல்லக் கன்னத்தில் ஏறி, எலுமிச்சை இலை அகலத்துக்குப் பரவி நின்றது. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, இது யாருக்கும் தொற்றாது, உடம்புக்கும் ஒன்றும் செய்யாது என்று பொறுமையாக விளக்கினார். எனக்குப் புரிந்தது. ஆனால் எடை மேடைக்கு எதிரே உள்ள டீக்கடையில் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸிலும், எனக்கு மட்டும் பேப்பர் கப்பிலும் டீ வர ஆரம்பித்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற சுபாவம் எனக்கு இல்லை.

எங்களுக்கு ஒரே மகள். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அந்த வருடம் பிப்ரவரியில் ஒரு வீட்டார் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. பத்து நாள் கழித்து, பையன் இப்போது கல்யாணம் வேண்டாம் என்கிறான் என்று தகவல் வந்தது. உண்மைக் காரணம் என் மனைவியின் தங்கை மூலம் காதுக்கு வந்தது. பெண்ணின் அப்பா முகத்தில் வெள்ளை இருக்கிறது, நாளைக்குப் பேரப்பிள்ளைகளுக்கு வந்தால் என்ன செய்வது என்று பேசிக்கொண்டார்களாம். மகளிடம் நாங்கள் இதைச் சொல்லவில்லை.

மே மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை அடுத்த வரன் வருவதாக ஏற்பாடு. ஏரல் பக்கத்துக் குடும்பம். பையனுக்கு அப்பா இல்லை, அம்மாதான் வளர்த்தவர். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. மகள் போட்டோவைப் பார்த்துவிட்டு "பரவால்ல" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இந்த இடமும் என் கன்னத்தால் தட்டிப்போய்விடக் கூடாது என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது. இதை மூடிவிட முடியுமா என்ற யோசனை அப்போதுதான் வந்தது.

அதுவரை மேக்கப் என்ற விஷயத்தை நான் ஒரு நிமிடம்கூட நினைத்துப் பார்த்ததில்லை. முகத்துக்கு மேல் முகத்தின் நிறத்திலேயே இன்னொன்றைப் பூசுகிறார்கள் என்பதே எனக்குப் புதிது.

பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு பேன்சி கடைக்குப் போனேன். பெண்கள் கூட்டம். ஹேர்பின் பார்ப்பது போலப் பத்து நிமிடம் நின்றேன். கடைசியில் கடைக்காரப் பெண்மணியே கேட்டார்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"வீட்டுக்குத்தான்."

"அக்கா என்ன கலரு?"

"எங் கலருதான்" என்றேன். என் மனைவி என்னைவிட நல்ல நிறம். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அவர் என் கன்னத்தை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மூன்று டியூப்பை எடுத்து, என் புறங்கையில் மூன்று பொட்டு வைத்தார். அதில் கடைசிப் பொட்டு தோலோடு தோலாக மறைந்துவிட்டது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இருப்பதிலேயே விலை குறைவானதும் அதுதான். வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வெயிலில் கையை நீட்டிப் பார்த்தால், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பர் மாதிரி ஒரே ரோஸ் நிறம். கடைக்குள் எரிந்த விளக்கு அப்படி. அந்த வெளிச்சத்தில் எது வைத்தாலும் எல்லோருக்கும் பொருந்தும் போல.

எனக்குக் கோபத்தைவிட யோசனைதான் அதிகம் வந்தது. கடையில் இருந்தது மூன்றே நிறம். மூன்றும் என்னைவிட வெளுப்பு. கடைக்கு வந்திருந்த பெண்கள் எல்லோரையும்விடவும் வெளுப்பு. இந்த வெயிலில் அந்த நிறத்தில் யார் இருக்கிறார்கள்? யாரை மனதில் வைத்து இதைச் செய்கிறார்கள்? வீட்டில் கொஞ்சம் காபித் தூள் கலந்து பார்த்தேன். நிறம் ஓரளவு ஒத்து வந்தது. ஆனால் கன்னத்தில் கடற்கரை மணல் ஒட்டியது போல இருந்தது. குளியலறைக் கண்ணாடி முன் நிற்கும்போது என் மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னது இது?"

"ஞாயித்துக்கெழமைக்கு" என்றேன்.

 "காதோரமும் இழுத்து விடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு நாள் தாங்குகிறதா என்று சோதிக்க, காபித் தூள் இல்லாமல் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். எங்கள் சாலையில் வேலை செய்கிற எவனும் செய்யாத முட்டாள்தனம் அது. அன்றைக்கு முழுக்க நிலக்கரி லாரிகள். கரித்தூள் காற்றில் மிதந்தபடியே இருக்கும். பத்தரை மணி வாக்கில் ஒரு டிரைவர் சீட்டு வாங்க ஜன்னலில் குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"ஏ அண்ணாச்சி, லோடு லாரில ஏத்துனானுவளா, உங்க கன்னத்துல ஏத்துனானுவளா?"

கண்ணாடியில் பார்த்தேன். முகம் முழுக்கச் சுத்தமாக இருந்தது. பூச்சு பூசிய இடத்தில் மட்டும் கரி அப்பி, எலுமிச்சை இலை கறுப்பாகியிருந்தது. வெள்ளையை மறைக்கப் போய்க் கறுப்பு வந்துவிட்டது. டிரைவரோடு சேர்ந்து எனக்கே சிரிப்பு வந்தது. ஈரப்பசை இருக்கிற வரை இது எதையாவது பிடித்துக்கொண்டேதான் இருக்கும் என்று புரிந்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்: ஒன்பதுக்குப் பூசியது, பத்தரைக்குக் கரி.

இரண்டாவது பூச்சைப் போனில் ஆர்டர் போட்டேன். விளம்பரப் படத்தில் ஒரு பெண்ணின் கன்னத்தில் இருந்த பெரிய தழும்பு ஒரே தேய்ப்பில் காணாமல் போனது. பெட்டியில் "நேச்சுரல்" என்று போட்டிருந்தது. யாருக்கு இயற்கை என்று போடவில்லை. பூசியதும் நல்ல நிறமாகவே தெரிந்தது. அரை மணி நேரத்தில் மெல்ல மெல்ல மாறி, பழுத்த பப்பாளி நிறத்துக்கு வந்து நின்றது. ஏன் மாறுகிறது என்று பார்க்க நான்கு நாள் நான்கு விதமாகப் பூசினேன். ஒவ்வொரு தடவையும் பப்பாளிதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாரம் இருந்தபோது எனக்கு இன்னொன்று தோன்றியது. எங்கள் பக்கம் தசராவுக்கு நேர்த்திக்கடனாக வேஷம் கட்டுகிறவர்கள் நாள் கணக்காக வெயிலில் நடக்கிறார்கள். அவர்கள் முகம் கரைவதில்லையே, அவர்கள் என்ன பூசுகிறார்கள்? லீவு நாளில் பஸ் ஏறித் திருச்செந்தூர் போனேன். வேஷச் சாமான் விற்கும் கடை ஒன்றில் விசாரித்தேன்.

"தசராவுக்கு இன்னும் எத்தன மாசம் கெடக்கு" என்றார் கடைக்காரர். "என்ன வேஷம் அண்ணாச்சி? காளியா, அனுமாரா?"

"மனுசன்தான்" என்றேன்.

"மனுச வேஷத்துக்குப் பெயிண்ட் எதுக்கு? போலீஸ் வேஷம் கட்டுதவன்கூட எங்கிட்ட மீசை மட்டுந்தான் வாங்கிட்டுப் போவான்."

இருந்தாலும் ஒரு டப்பாவைத் தேடி எடுத்துக் கொடுத்தார். போன வருடத்து மிச்சம், கல் மாதிரி இறுகிக் கிடந்தது. விரலால் தேய்த்துச் சூடாக்கினால்தான் இளகும். ஆனால் நிறம் என்னுடையதற்குக் கிட்டத்தட்ட ஒத்து வந்தது. மூன்றையும் சவரப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். மனைவிக்கு முதல் டியூப் மட்டும்தான் தெரியும்.

ஞாயிறு வந்தது. சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்து வேஷப் பூச்சைப் பூசிக்கொண்டேன். பகல் பதினொரு மணிக்கு ஏரல்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். எங்கள் முன்னறை சின்னது. காற்று அடங்கிப்போன நாள், ஃபேன் சூட்டைத்தான் சுற்றிவிட்டது. பையனின் பெரியப்பா, ஓய்வுபெற்ற ஆசிரியர், முதலில் ஜெபம் பண்ணிவிட்டு ஆரம்பிப்போம் என்றார். எங்கள் வீடுகளில் எந்த நல்ல காரியமும் அப்படித்தான் தொடங்கும். எல்லோரும் எழுந்து நின்று கண்ணை மூடினோம்.

பெரியப்பா இரண்டு குடும்பத்துக்காகவும் ஜெபித்தார். பிறகு மழைக்காக, கடலில் இருப்பவர்களுக்காக, ஆஸ்பத்திரிகளில் இருப்பவர்களுக்காக, தேசத்தை ஆள்கிறவர்களுக்காக. நாங்கள் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தோம். அவர் நாட்டின் எல்லையைத் தாண்டி வெளிநாட்டுக்குப் போன சமயம், என் கன்னத்தில் ஏதோ ஒன்று மெதுவாக இறங்குவது தெரிந்தது. தாடையில் வந்து நின்றது. பிறகு விழுந்தது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. கண்ணைத் திறந்தேன். சட்டைப் பையில் ஐம்பது காசு அகலத்தில் பழுப்புக் கறை.

தலையை நிமிர்த்தினால், அந்த அறையில் இன்னொருவர் கண்ணும் திறந்திருந்தது. பையனின் அம்மா. கைக்குட்டையால் கன்னத்தை ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். கைக்குட்டை முழுக்க ரோஸ் நிறம். அந்த நிறம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒற்றிய இடத்தில் அவருடைய இரண்டு கன்னத்திலும் கரும்பழுப்பாக மங்கு படர்ந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். என் கன்னத்தைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டோம்.

"ஆமென்" என்றதும், கை கழுவிவிட்டு வருகிறேன் என்று கொல்லைப்பக்கம் ஓடினேன். தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று, என்ன செய்வது என்று தெரியாமல் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடத்தில் பின்கதவு திறந்தது. பையனின் அம்மாவுக்குப் பாத்ரூம் காட்டுவதற்காக என் மனைவி அழைத்து வந்திருந்தாள். அவர் பாத்ரூம் பக்கம் போகவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, ஜெபத்துல கண்ணத் தொறந்திய. நான் பாத்தேன்."

"நீங்களும்தான்" என்று என் வாயிலிருந்து எப்படியோ வந்துவிட்டது.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்க பெரியத்தான் ஜெபம் அப்படித்தான். ஆரம்பிச்சார்னா, முடிக்கதுக்குள்ள ஊருல ஒல வச்ச சோறெல்லாம் வெந்துரும். அது கெடக்கட்டும், நீங்க என்னத்த பூசியிருக்கிய? என்னோடதவிட நல்லா நிக்கி."

தன் கைப்பையைத் திறந்து ஒரு டியூப்பைக் காட்டினார். நான் முதலில் வாங்கிய அதே டியூப். "சாம்பல்ல பெரண்ட கோழி மாரி ஆக்கிட்டு" என்றார். எனக்குக் கூச்சம் எங்கே போனது என்று தெரியவில்லை. உள்ளே போய்ச் சவரப் பெட்டியையே எடுத்து வந்துவிட்டேன். இது ரோஸ், இது பப்பாளி, இது வேஷக்கடையில் வாங்கியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் திறந்து, முகர்ந்து, புறங்கையில் தேய்த்துப் பார்த்தார். என் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏது, மூணா? எனக்கு ஒரு பவுடர் டப்பா கேட்டா மூணு மாசம் ஆவும், இங்கன ஒரு கடையே நடக்கு."

"நீங்க எதுக்கு அக்கா பூசுனிய?" என்று அவரிடமும் கேட்டாள்.

"உங்க மவ பயந்துரக் கூடாதுல்லா. மாமியா மூஞ்சி இப்படியிருக்கேன்னு" என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சிரிப்பு நின்றது. "அண்ணாச்சி, தப்பா எடுக்காதிய. அதக் கழுவிட்டுக் காட்டுவியளா?"

இவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம் இதைக் காட்டாமல் இருக்கத்தான். ஆனால் அவர் கேட்டவிதத்தில் அருவருப்பு இல்லை. சற்று முன்பு டியூப்பைத் திறந்து பார்த்தாரே, அதே ஆவல்தான் இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன். வேஷப் பூச்சு சுலபத்தில் போகவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்தில் வந்து பார்த்தார்.

"வலிக்குமா?"

"இல்ல."

"தொத்துமா?"

"தொத்தாது. டாக்டர் சொல்லிட்டாரு."

"பிள்ளையளுக்கு வருமா?"

அவருக்குப் பின்னால் நின்ற என் மனைவி கண்ணாலேயே கெஞ்சினாள். வராது என்று ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் முடிந்தது. என் மகள் உள்ளே காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.  ஆனால் என் கன்னத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நின்று ஒரு மனுஷி நேராகக் கேட்கும்போது, பதிலிலும் ஒரு பூச்சைப் பூச எனக்கு மனம் வரவில்லை.

"சில குடும்பத்துல வருமாம். நெறையப் பேருக்கு வராதாம். எம் மவளுக்கு இதுவரைக்கும் இல்ல. இனிமே வருமா, பேரப்பிள்ளையளுக்கு வருமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. டாக்டரும் சொல்ல முடியாதுன்னுட்டாரு."

அவர் டியூப்பைக் கைப்பையில் போட்டு மூடினார். டிரம்மிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டார்.

என் மனைவி என்னைக் கிணற்றடிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், "வராதுன்னு சொன்னா வாய் வெந்தா போவும்?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. 

மறுபடியும் பூச நேரமும் இல்லை, துணிவும் இல்லை. அப்படியே முன்னறை வாசலில் போய் நின்றேன். பேச்சு சட்டென்று நின்றது. பெரியப்பா என்னைப் பார்த்துவிட்டுக் காபி டம்ளரைப் பார்த்தார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன். அப்போது என் மகள், மாப்பிள்ளைப் பையன் முன்னாலேயே, தன் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அப்பா, இங்கன வந்து இரிங்க."

நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பையனின் அம்மாவும் உள்ளே வந்தார். முகத்தைச் சுத்தமாகக் கழுவியிருந்தார். இரண்டு கன்னத்திலும் மங்கு அப்படியே தெரிந்தது.

"என்னம்மா, எங்க போன?" என்றான் பையன்.

"வேத்துச்சு, கழுவிட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, மிக்சர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது, "கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்" என்றார் பெரியப்பா. முந்தின வீட்டாரும் இதையேதான் சொன்னார்கள். அன்று சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னோம், பிப்ரவரியில் வந்தவர்கள் ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதையும் சேர்த்து. அவள், "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்று நாள் போனது. புதன்கிழமை மத்தியானம் மேடையில் ஒரு லாரி நிற்கும்போது போன் வந்தது. ஏரலிலிருந்து பையனின் அம்மா.

"அண்ணாச்சி, நீங்க சொன்னத எம் மவன்ட்ட அப்படியே சொன்னேன். வரலாம், வராமலும் போவலாம், அவுகளுக்கே தெரியாதுங்காகன்னு சொன்னேன். பெரியத்தான் வேண்டாம்னுதான் சொன்னாரு. இவன், 'கல்யாணத்துக்குப் பொறவு எனக்கு வந்தா அந்தப் பிள்ள என்ன செய்யும்னு கேட்டுச் சொல்லுங்க'ங்கான்."

நான் மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கோடை லீவில் ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கப் போயிருந்தவள், வகுப்பு முடிந்து வராந்தாவில் நின்றிருந்தாள். "அவுகளுக்கு வந்தா, அப்பாவுக்கு வந்தப்ப அம்மா என்ன செஞ்சாகளோ அதத்தான் செய்வேன்னு சொல்லுங்க" என்றாள். மேடையில் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சீட்டில் எழுத்துத் தெரியவில்லை.

செப்டம்பரில் கல்யாணம் நடந்தது. சம்பந்தியம்மாள் இப்போதும் எந்தக் கடையிலாவது புது டியூப்பைப் பார்த்தால் எனக்குப் போன் செய்து பெயரைச் சொல்வார். இரண்டு பேரும் வாங்கிப் பார்ப்போம், எதுவும் சரியாக வராது. அது எப்படிப் பொய்த்துப்போகிறது என்று பேசிக்கொள்வதே எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. வெளியே போகும்போது நான் எதுவும் பூசுவதில்லை.

பேரப்பிள்ளை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. பிள்ளைகளுக்கு வருமா என்ற அந்தக் கேள்விக்கு இன்னும் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் இப்போது யாராவது என் கன்னத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டால், அந்த அம்மாளைப் போலக் கிட்டே வந்து கேட்டுவிடக் கூடாதா என்றுதான் தோன்றுகிறது. எனக்குத் தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்று கூச்சமில்லாமல் சொல்ல என்னால் முடியும்.